நண்பர்களோடு விரிகுடாவில் ஒரு பகல்: எந்தப் பாய்மரப் படகு சரிப்படும்?

பாய்மரப் படகு ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், தெரியாத நண்பர்கள் மூன்று பேர், காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக்கூடிய ஒரு விரிகுடா. பெரும்பாலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்து எந்தப் படகு என்ற கேள்வி வரும். நிறையப் பேர் வேகத்தையும் அழகையும் நீளத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள், இல்லையென்றால் எது சும்மா நிற்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: காற்று திடீரென்று ஏறி, மூன்று நண்பர்களும் பயந்துபோய்க் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், இந்தப் படகை நீங்கள் ஒருவரே கரைக்குக் கொண்டுவந்துவிடுவீர்களா? ஆம் என்றால் அது நண்பர்களோடு போகிற படகு. இல்லை என்றால், எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும், அதைப் பழகிய ஆட்களோடு போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. கயிற்றை இழு என்றால் ஆசையாக இழுப்பார்கள். ஆனால் எந்தக் கயிறு, எப்போது இழுப்பது, முக்கியமாக எப்போது விடுவது என்பதெல்லாம் உடம்பில் ஊற ஒரு பருவமாவது ஆகும். அவர்கள் வருவது பேசிச் சிரித்து ஒரு பகலைக் கழிக்க. அந்தப் பகல் நல்லபடியாக அமைந்தால்தான் அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்கள், அதில் ஒருவராவது கற்றுக்கொள்ளவும் ஆசைப்படுவார். முதல் நாளே ஒருவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் அதோடு சரி.

முதலில் சிறிய திறந்த படகுகள், அதாவது டிங்கி வகை. அடியில் எடை எதுவும் கிடையாது, படகு பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்க, தூக்கி இறக்கும் ஒரு நடுப்பலகை மட்டும் இருக்கும். லேசர் போன்ற ஒற்றை ஆள் படகுகளை இப்போதே ஒதுக்கிவிடலாம், அது தனி விளையாட்டு. நம் கணக்குக்கு வருவது வேஃபேரர் மாதிரியான படகு. இயன் பிராக்டர் 1957இல் வடிவமைத்தது, நீளம் 4.82 மீட்டர், வெறும் கூடு (படகின் உடல் மட்டும்) 170 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பலகையைத் தூக்கிவிட்டால் முழங்காலுக்கும் கீழான ஆழத்தில் மிதக்கும், மணலில் ஏற்றி நிறுத்தலாம், டிரெய்லரில் வைத்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம். ஃபிராங்க் டை இதே வகைப் படகில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், அடுத்த ஆண்டு நார்வேக்கும் போனார். இரண்டாவது பயணத்தில் புயலில் படகு கவிழ்ந்து, பாய்மரம் முறிந்து, அப்படியும் போய்ச் சேர்ந்தார். இதைச் சொல்லித்தான் பலர், ஐஸ்லாந்து வரைக்கும் போன படகுக்கு இந்த விரிகுடா எந்த மூலைக்கு என்று வாதாடுவார்கள். படகு அதே படகுதான், உள்ளே இருந்தவர்கள் வேறு. கவிழ்ந்த படகை நடுக்கடலில் நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, மறுபடி கிளம்பத் தெரிந்தவர்கள் அவர்கள்.

டிங்கியை நிமிர்த்தி வைத்திருப்பது அதில் இருப்பவர்களின் உடம்பு எடை. காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும்போது ஆட்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து, விளிம்பில் உட்கார்ந்து, முதுகை வெளியே சாய்க்க வேண்டும். ஒரு வீச்சு, அதாவது திடீரென்று ஏறும் காற்று, வருகிறது என்று வையுங்கள். தண்ணீரின் மேல் கருமையாக ஒரு திட்டு நம்மை நோக்கி ஓடி வருவதைச் சுக்கான் பிடித்திருப்பவர் பார்த்துவிடுவார், 'வெளியே சாய், வெளியே சாய்' என்று கத்துவார். பழகாத ஆளுக்கு அந்த நொடியில் உடம்பு சொல்வது நேர் எதிரானது. படகு சாய்கிறது, உள்ளே ஒடுங்கு, குனிந்து எதையாவது பிடி. அவர் ஒடுங்கினால் அறுபது எழுபது கிலோ தவறான பக்கம் வந்துவிடும், படகு இன்னும் சாயும். அப்போது கைகொடுப்பது பெரிய பாயின் கயிறு ஒன்றுதான், அதைச் சட்டென்று விட்டால் காற்று பாயிலிருந்து வழிந்து படகு நிமிர்ந்துவிடும். அதனால்தான் வீச்சு உள்ள நாளில் டிங்கியில் அந்தக் கயிற்றைப் பிடிப்பானில் மாட்டிப் பூட்டிவிடாமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தக் கயிற்றை ஆசைக்குக் கொஞ்ச நேரம் பிடித்திரு என்று புதியவரிடம் கொடுத்திருந்தால்? பயம் வந்தால் கை இறுகும். விடு என்று கத்தினால் இன்னும் இறுகும். அது அவர் தப்பே இல்லை.

கவிழ்ந்தால் என்ன, நிமிர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நிமிர்த்தலாம்தான். நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் தண்ணீரிலிருந்து மெல்லக் கிளம்பும். இரண்டு பேர் என்றால் இது பயிற்சி. நான்கு பேர் என்றால் வேறு விஷயம்: ஒருவர் பாய்க்கு அடியில் மாட்டியிருக்கலாம், ஒருவர் மிதந்து போகும் பையைப் பிடிக்கப் படகை விட்டு நீந்திப் போகலாம், ஒருவருக்கு மூச்சு வாங்கும். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் விழுந்த முதல் நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டிலேயே இருக்காது, அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் விரல்கள் கயிற்றைப் பிடிக்கும் பலத்தை இழக்கத் தொடங்கும். எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணுவதுதான் முதல் வேலை, படகு அப்புறம். இவ்வளவையும் தெரிந்த ஒரே ஒருவர் பார்க்க வேண்டும்.

இதற்காக டிங்கி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நண்பர்களில் ஒருவரோ இருவரோ 'எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை' என்றால் இதைவிட நல்ல படகு கிடையாது. எதைத் தப்பாகச் செய்தாலும் டிங்கி உடனே காட்டிக்கொடுத்துவிடும், பெரிய படகு பொறுத்துக்கொள்ளும், அதனால் பெரிய படகில் கற்பவர் மெதுவாகத்தான் கற்பார். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், காற்று பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டும் நாளில் வேண்டாம், ஐம்பது நியூட்டன் மிதப்பு விசை தரும் மிதவைச் சட்டை ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கட்டும். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் வகை டிங்கிக்கு ஒத்துவராது, கவிழும்போது அது ஊதிக்கொண்டு ஆளைப் பாய்க்கு அடியிலேயே அழுத்தி வைத்துவிடும்.

இரட்டைக் கூட்டுக் கட்டுமரன் (கேட்டமரான்) வகையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்தது ஹோபி 16: நீளம் ஐந்து மீட்டர், அகலம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, எடை 145 கிலோ. ஹோபி ஆல்டர் கடற்கரை மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளிவிடுவதற்காகச் செய்தது, அதனால் நடுப்பலகையே கிடையாது, கூடுகளின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் வேறு வேறு வளைவாக இருந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. பக்கவாட்டுக் காற்றில் ஒரு கூடு தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது கிடைக்கிற சந்தோஷம் வேறு எந்தப் படகிலும் கிடைக்காது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அது இரண்டு பேர் படகு. நான்கு பேர் ஏறினால் கூடுகள் அமுங்கி நகரவே மறுக்கும். காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பும்போது பாதியில் நின்றுவிடும், முன்பாயை (பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் சிறிய பாயை) கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கமே பிடித்து வைத்துத் தள்ளித் திருப்ப வேண்டும். வேகமாகப் போகும்போது கூட்டின் முன்முனை அலைக்குள் குத்தினால் ஆட்கள் முன்னால் பறப்பார்கள். உட்காரும் வலைத்துணியில் முழுநேரமும் தண்ணீர் தெறிக்கும், ஒரு பையைக் காய வைத்திருக்க இடமில்லை. நண்பர்களை ஒவ்வொருவராக ஏற்றி அரைமணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டுக் கரையில் இறக்க அருமையான படகு. எல்லோரும் சேர்ந்து ஒரு பகலைக் கழிக்க ஆகாது.

இனி கீல் படகு. என் கட்சி இதுதான் என்பதை மறைக்கவில்லை.

இதில் படகின் அடியில் ஈயமோ இரும்போ நிரந்தரமாகத் தொங்குகிறது, அதுதான் கீல். படகு சாயச் சாய அந்த எடை பக்கவாட்டில் மேலெழும்பும், எழும்ப எழும்ப இன்னும் பலமாகத் திருப்பி இழுக்கும். டிங்கியில் ஒரு கோணத்தைத் தாண்டினால் படகின் வடிவம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. கீல் படகில் சாய்வு கூடக் கூட எதிர்ப்பும் கூடிக்கொண்டே போகும், அதே சமயம் சாய்ந்த பாயிலிருந்து காற்றும் வழிந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் படகை நிறுத்திவிடும். அதற்குமேல் வீச்சு வந்தால் பெரும்பாலான கீல் படகுகள் சுக்கானையும் மீறித் தாமாகவே காற்றின் பக்கம் அணியத்தை (முன்முனையை) திருப்பி, பாய் படபடக்க நின்றுகொள்ளும். சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆபத்து அவ்வளவு இல்லை. நண்பர் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், பயத்தில் ஒடுங்கினாலும், எழுந்து நின்று கேமராவைத் தேடினாலும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. முதலில் கேட்டேனே ஒரு கேள்வி, அதற்கு ஆம் என்று பதில் வருவது இந்த எடையால்தான்.

எந்த அளவு? ஒருநாள் ஓட்டத்துக்கு ஆறு முதல் ஏழு மீட்டர், அறை இல்லாமல், உட்காரும் குழி பெரியதாக உள்ள திறந்த கீல் படகு. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சோனார். லேசரை வரைந்த அதே புரூஸ் கிர்பி வரைந்தது, ஏழு மீட்டர் நீளம், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை, அதில் நானூறு கிலோவுக்கு மேல் கீல் மட்டும். 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக் போட்டிகளில் மூன்று பேர் ஓட்டும் படகாக இருந்தது. ஓட்டியவர்களில் பலர் விளிம்புக்கு ஓடி உடம்பைச் சாய்க்க முடியாதவர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிறுகளைக் கையாண்டு உலகத் தரத்தில் பந்தயம் ஓட்டினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்ட முடிகிற படகு என்றால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று நண்பர்களை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

இன்னும் சிறிதாக, இன்னும் பழையதாக வேண்டுமென்றால் ஹெரஷாஃப் 12½. நத்தானியேல் ஹெரஷாஃப் 1914இல் அமெரிக்காவின் பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவுக்காக வரைந்தது, பெயரில் இருக்கும் எண் நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடி என்பது. அந்த விரிகுடா பிற்பகல் காற்றுக்கும் குட்டையான செங்குத்து அலைக்கும் பேர் போனது. அங்கே பிள்ளைகள் பாய்மரம் பழகுவதற்கென்று கேட்டு வாங்கிய படகு இது. பிள்ளைகளுக்கான படகு, அதனால் இலேசாக இருக்கட்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஈயக் கீலை வைத்து, அகலமாகவும் கனமாகவும் செய்தார். நூறு ஆண்டு கழித்தும் அதே வரைவில் படகு கட்டுகிறார்கள்.

இதே நீளத்தில் ஜே 70 போன்ற படகுகளும் உண்டு. 2012இல் வந்தது, ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கீலைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றலாம். நல்ல படகு, ஆனால் பந்தயத்துக்காகக் கூர்தீட்டியது. இலேசானது, பாய் பெரிது, விளிம்பில் பழகிய ஆட்கள் இருந்தால்தான் அதன் குணம் தெரியும். முன்பாயை மட்டும் சுருட்டிவிட்டுப் பெரிய பாயில் சும்மா சுற்றலாம் என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அந்தப் படகு எதற்கு. இப்படித் தூக்கும் கீல் உள்ள எந்தப் படகை எடுத்தாலும் ஓட்டும்போது கீல் முழுவதும் இறங்கி, பூட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பூட்டாத கீல் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

கீல் படகின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை ஆழம். சோனாருக்கே 1.2 மீட்டர் தண்ணீர் வேண்டும், ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்றவற்றம்) இறங்கும் விரிகுடாவில் காலையில் தாண்டிய மணல்திட்டு மாலையில் தடுக்கும். மணலில் ஏற்ற முடியாது, ஆக மிதவையில் கட்டி வைக்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் தூக்க ஒரு கிரேன் வேண்டும். இரண்டாவது, தண்ணீர் நிறைந்தால் என்ன ஆகும் என்பது. டிங்கி மிதக்கும். கீல் படகில் உள்ளே நுரையோ மூடிய காற்றறையோ போதுமான அளவு இல்லையென்றால் அந்த ஈயம் நேரே அடிக்குக் கொண்டுபோகும். படகை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது, வெட்கப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவது குறையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை. துறைக்குத் திரும்பும் நேரம். நடைவேகத்தில்தான் படகு நெருங்கும், பார்க்க மென்மையாக இருக்கும். அணியத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் காலை நீட்டித் துறையின் விளிம்பில் வைத்துப் படகைத் தடுக்கப் பார்ப்பார். நான்கு பேரோடு ஒரு டன்னைத் தாண்டிய எடை அது, எலும்பால் நிற்காது. கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: கையும் காலும் படகுக்குள்ளேயே இருக்கட்டும், இடித்தால் படகு இடிபடட்டும், காற்று நிரப்பிய மிதவை உருளையை மட்டும் இடையில் விடுங்கள். டிங்கியில் இந்தக் கவலையே இல்லை, கையாலேயே தள்ளி நிறுத்திவிடலாம்.

அறை உள்ள சிறு படகுகளை, காட்டலினா 22 மாதிரி, பலர் எதற்கும் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இல் வந்த வடிவம், ஊஞ்சல் போல மேலே மடங்கும் கீல் கொண்ட வகையும் உண்டு. இறக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும், மடக்கினால் அறுபது சென்டிமீட்டர் போதும். ஒரு பகல் ஓட்டத்துக்கு அறை எதற்கு என்று கேட்டால், நானும் அப்படித்தான் கேட்பேன். படகின் நடுப்பகுதி முழுவதையும் அறை எடுத்துக்கொள்ள, நான்கு பேரும் பின்னால் இருக்கும் சின்னக் குழியில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார வேண்டும், சுக்கான்பிடி ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் தொடையில் தட்டும். எடையும் கூடுதல், மெல்லிய காற்றில் நகராது. ஆனால் ஒரு விஷயத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை: உள்ளே மறைவாக ஒரு கழிப்பறை. ஐந்து மணி நேரம் தண்ணீரில் இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை, அதிலும் கூட்டத்தில் பெண்களோ குழந்தைகளோ இருந்தால் வரலாமா வேண்டாமா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது. பலர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்து தலைவலியோடு திரும்புவார்கள். திறந்த படகில் போவதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கரையில் இறங்கும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள், அதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியும் விடுங்கள். அது முடியாத விரிகுடா என்றால், குறுகிய குழியைப் பொறுத்துக்கொண்டு அறைப் படகையே எடுங்கள் என்பேன்.

படகுக்கு அடுத்து விரிகுடா. கடலோரத்தில் வெயில் நாளில் காலைக் காற்று மெல்லியதாக இருக்கும், நிலம் சூடேறியதும் முற்பகலிலிருந்து கடற்காற்று கிளம்பும், பிற்பகல் நடுவில் உச்சத்துக்குப் போகும், மாலையில் செத்துவிடும். ஆகவே நீங்கள் கிளம்பும்போது பார்க்கிற காற்றை வைத்துப் படகை முடிவு செய்யாதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் அது தரும் விசை நான்கு மடங்காகும். காலையில் எட்டு நாட் காற்றில் தூங்கி வழிந்த டிங்கி, மதியம் பதினாறு நாட்டில் வேறு படகு. கண்ணால் பார்க்க ஒரு கணக்கு உண்டு: அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் பத்து நாட்டை நெருங்குகிறது, பார்க்கும் இடமெல்லாம் நுரை என்றால் பதினொன்று முதல் பதினாறு வரை. இரண்டாவது நிலை வருவதற்கு முன்பே பாயை ஒரு மடிப்பு சுருக்கிக் கட்டிவிட வேண்டும். கீல் படகில் இதை நீரிலேயே, படகைக் காற்றுக்கு நிறுத்தி, ஒருவரே செய்யலாம். டிங்கியில் ஆட்கள் அசையாமல் சமநிலையைப் பிடித்திருந்தால்தான் செய்ய முடியும், அதனால் சந்தேகம் இருந்தால் கரையிலேயே சுருக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

போகும் வழியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று பின்னாலிருந்து கொண்டுவந்து விடட்டும். நேரே காற்றுக்குள் எந்தப் படகும் போகாது, இந்தப் பக்கம் நாற்பத்தைந்து டிகிரி, அந்தப் பக்கம் நாற்பத்தைந்து டிகிரி என்று மாறி மாறித்தான் ஏற வேண்டும். மூன்று கடல் மைல் தூரம் நான்கு மைலுக்கு மேல் ஆகிவிடும், நான்கு நாட் வேகத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அதே தூரம் திரும்பும்போது ஐந்து நாட்டில் அரைமணியைக் கொஞ்சம் தாண்டி முடிந்துவிடும். இதை மாற்றிச் செய்பவர்கள், சுகமாகக் காற்றோடு இறங்கிப் போய்விட்டு, எல்லோரும் களைத்து வெயிலில் வாடிய பிறகு, காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மேலே ஏறி வர வேண்டியிருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இதைவிடப் பொல்லாதது. கரையருகே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், அரை மைல் தள்ளிப் போனதும் அலை தெரியும், அதற்குள் திரும்புவது எதிர்க்காற்றாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் டிங்கியும் கட்டுமரனும் கரையிலேயே இருக்கட்டும்.

காற்று பின்னாலிருந்து வரும்போது ஒரு எச்சரிக்கை. பாய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தானாக வீசியடிக்கும்போது அடியில் இருக்கும் பூம் கட்டை தலை உயரத்தில் வரும். பழகியவர் பாயின் நுனி துடிப்பதைப் பார்த்து முன்பே குனிவார், நண்பர் அப்போதுதான் எழுந்து நிற்பார். படகை வாங்குவதானாலும் வாடகைக்கு எடுப்பதானாலும், குழியில் நிமிர்ந்து உட்கார்ந்து பூம் தலைக்கு மேல் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று பாருங்கள். சோனார் அளவுப் படகில் உட்கார்ந்திருப்பவருக்கு இடம் இருக்கும். டிங்கியில் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும்.

முன்பாயிலும் ஒரு தேர்வு உண்டு. வழக்கமான முன்பாயில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பக்கக் கயிற்றை விட்டு மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். நண்பர்களுக்கு வேலை கிடைக்கும், சேர்ந்து செய்த திருப்தியும் கிடைக்கும். தானே பக்கம் மாறிக்கொள்ளும் முன்பாய் உள்ள படகில் சுக்கானைத் திருப்பினால் போதும், யாரும் எதையும் தொட வேண்டாம். இரண்டாவதுதான் வசதி என்று தோன்றும். எனக்கென்னவோ முதலாவதோடு, இழுத்தால் சுருண்டுகொள்ளும் சுருளி ஒன்று இருப்பதுதான் பிடிக்கும். நன்றாகப் போகும்வரை நண்பர்கள் கயிறு இழுக்கட்டும். நிலைமை சரியில்லை என்றால் ஒரே இழுப்பில் முன்பாயைச் சுருட்டிவிட்டுப் பெரிய பாயில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் படகைப் போலவே முக்கியம். ஒவ்வொரு முறையும் புதுப்புது நண்பர்களை அழைத்துப் போவது ஒரு வழி, ஒரே கூட்டத்தோடு திரும்பத் திரும்பப் போவது இன்னொரு வழி. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்: ஒரு ஆள் மட்டும் நிலையாக இருக்கட்டும், மற்றவர்கள் மாறட்டும். அந்த ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நீங்கள் தண்ணீரில் விழுந்துவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும், அது தெரிந்தால் போதும். இரண்டு பாய்களின் கயிற்றையும் விட்டுவிடு, படகு தானே நிற்கும். மிதவை வளையத்தைத் தூக்கிப் போடு. ஒருவர் என்னையே பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு இருக்கட்டும், கண்ணை எடுக்கவே கூடாது, அலைக்கு நடுவில் ஒரு தலை மறைய நொடி போதும். ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிடு. மோட்டாரைக் கிளப்பத் தெரிந்தால் நல்லது, ஆனால் ஆள் பக்கத்தில் வந்ததும் அணைத்துவிடு. இவ்வளவுதான். இதைக் கரையில் நின்று ஒரு முறை, நீரில் ஒரு பந்தை வீசிப்போட்டு ஒரு முறை செய்து பாருங்கள்.

விழுந்தவரைத் திரும்ப ஏற்றுவதில் டிங்கி ஜெயிக்கிறது. விளிம்பு தாழ்வு, அமரத்தின் (படகின் பின்முனையின்) பக்கமாக இழுத்துப்போட்டுவிடலாம். கீல் படகின் பக்கம் உயரம், நனைந்த உடையோடு ஒருவரை இரண்டு பேர் தூக்குவதே கஷ்டம். ஏணி இல்லாத கீல் படகில் நண்பர்களோடு போகவே போகாதீர்கள், மடக்கி வைத்த ஏணியைத் தண்ணீரிலிருந்தே கையால் எட்டி இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லையென்றால் அமரத்தில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைத் தொங்கவிடுங்கள், அதில் கால் வைத்து ஏறலாம்.

சொந்தமா, வாடகையா, நான்கு பேர் சேர்ந்து வாங்குவதா என்பதில் எனக்கு நீண்ட கருத்து இல்லை. முதல் ஒன்றிரண்டு பருவத்துக்கு வாடகை, அதுவும் வேறு வேறு வகைப் படகாக மாற்றி மாற்றி. சேர்ந்து வாங்கினால் நல்ல காற்று வீசும் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள், அடியைச் சுரண்டிச் சாயம் அடிக்கும் நாளில் ஒருவர்தான் வருவார். அதை முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளும் கூட்டம் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆக நான்கு பேர், ஒருவருக்குத்தான் தெரியும், ஆழம் இருக்கிறது, கட்டி வைக்க இடம் இருக்கிறது என்றால் ஆறேழு மீட்டர் திறந்த கீல் படகு. யோசிக்கவே வேண்டாம். கழிப்பறைக்காக அறைப் படகு என்று முன்பு சொன்னதை விட்டால், என் தீர்ப்பு மாறுவது ஒரே ஒரு இடத்தில்: ஓதம் வற்றும்போது இடுப்பளவு தண்ணீர்கூட நிற்காத விரிகுடாக்கள் இருக்கின்றன, அங்கே கீல் படகு நாளில் பாதி நேரம் சேற்றில் நிற்கும். அந்த இடத்துக்கு அகலமான, கனமான நடுப்பலகைப் படகு ஒன்றைத் தேடுங்கள். கார்டன் டக்ளஸ் 1957இல் வரைந்த ஃப்ளையிங் ஸ்காட் நல்ல உதாரணம்: 5.8 மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 385 கிலோ, பலகையைத் தூக்கினால் இருபது சென்டிமீட்டர் ஆழம் போதும். குழி பெரிது, நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த அகலமும் எடையும் சேர்ந்து வேஃபேரரைவிட நிதானமாக வைத்திருக்கும், சின்ன வீச்சுக்கெல்லாம் பதறாது. ஆனாலும் கவிழக்கூடிய படகுதான், நான்கு பேர் இருந்தும் நிமிர்த்துவது கடினம், பாய்மரத்தின் உச்சி சேற்றில் குத்தினால் இன்னும் கடினம். அதனால் அதில் போகும்போது பாய்மர உச்சியில் ஒரு மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள், பாயை முதல் மடிப்பு சுருக்கியே ஏற்றுங்கள், பெரிய பாயின் கயிற்றை யாரிடமும் கொடுக்காமல் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்கு முன்பாய்க் கயிறு போதும்.